ஆனையிறவு உப்பும் கலத்தின் சக்தியும்

கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆனையிறவில் வெயிலும் காற்றும் அந்த நீரைப் பாத்தி பாத்தியாக வற்றவைத்து, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும்போதுதான் சாப்பாட்டு உப்பு விளையத் தொடங்கும். அந்தச் செறிவில் மீனும் இறாலும் இருக்க முடியாது. முல்லைத்தீவில் மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடாக்குவதும் இதே காரணத்தை நம்பித்தான். வெளியே உப்பு மிகுந்தால் கலத்துக்குள் இருக்கும் நீர் மென்சவ்வைக் கடந்து வெளியேறிவிடும். சாதாரண தரப் பாடத்தில் பிரசாரணம் என்று படித்தது இதுதான். மீனின் கலம் மட்டுமல்ல, மீனை அழுகவைக்க வரும் பற்றீரியாவின் கலமும் வற்றிப்போகும்.

அப்படியிருந்தும் உலகெங்கும் உப்பளங்களில் விளையும் தறுவாயில் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாகவோ செங்கல் நிறமாகவோ மாறுவதுண்டு. அந்த நிறம் உயிர்களுடையது. முக்கியமாக இரண்டு வகை. துனாலியெல்லா என்ற நுண்பாசி, தன் கலத்துக்குள் கிளிசரோலைத் தயாரித்து நிரப்பி, வெளியே உள்ள உப்புக்கு ஈடுகொடுக்கிறது. ஹலோபற்றீரியம் என்ற ஆர்க்கியா குலத்து நுண்ணுயிர் வேறு வழியில் போகிறது. சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, அதற்குச் சமமாகப் பொற்றாசியத்தை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. உப்புக்கு இவ்வளவு பழகிவிட்ட இந்த உயிரை நல்ல தண்ணீரில் போட்டால் கலம் உடைந்து கரைந்துவிடும்.

சோடியத்தை ஓயாமல் வெளியேற்றச் சக்தி வேண்டும். ஆனால் உப்பு ஏற ஏற நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். சுவாசித்துச் சக்தி பெறுவது கடினமாகும். இந்த உயிர் என்ன செய்கிறது என்பதற்கு 1971 இல் விடை கிடைக்கத் தொடங்கியது. டீற்றர் ஓஸ்ரர்ஹெல்ற், வோல்ற்றர் ஸ்ரோகேனியஸ் ஆகிய இருவரும் இதன் மென்சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்றைக் கண்டார்கள். நம் கண்ணில் ஒளியை வாங்கும் அதே ரெற்றினல்தான் அந்தப் புரதத்துக்குள்ளும் இருந்தது. வெயில் பட்டால் அது ஐதரசன் அயன்களை, அதாவது புரோத்தன்களை, ஒவ்வொன்றாகக் கலத்துக்கு வெளியே தள்ளும். வெளியே நேரேற்றம் கூடும். உள்ளே மறையேற்றம் மிஞ்சும். அந்த மறையேற்றமே பொற்றாசியத்தை உள்ளே இழுக்கிறது.

மாரியில் இரணைமடுவில் நீரை மறித்து வைத்தால்தான் சிறுபோகத்துக்குத் துருசைத் திறக்கலாம். கலமும் புரோத்தன்களை மென்சவ்வின் ஒரு பக்கத்தில் மறித்து வைக்கிறது. அவை திரும்பி உள்ளே வர ஒரு நொதியத்தின் ஊடாக வழி விடுகிறது. அந்தப் பாய்ச்சலில்தான், உயிர்கள் எல்லாம் செலவழிக்கும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு உருவாகிறது.

பீற்றர் மிற்செல் இதை 1961 இலேயே எழுதினார். உணவிலிருந்து ஏ.ரி.பி.க்குச் சக்தியைக் கைமாற்றும் ஏதோ ஓர் இரசாயனப் பொருள் இருக்கவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த உயிரிரசாயனவியலாளர் பலர் அவரை ஏற்கவில்லை. தேடிய பொருளோ கடைசிவரை அகப்படவில்லை. 1974 இல் எஃப்ரெயிம் ராக்கரும் ஸ்ரோகேனியசும் செய்த பரிசோதனை எனக்கு உயிரியலிலேயே மிகவும் பிடித்தது. சோயாவிலிருந்து எடுத்த கொழுப்பால் நுண்ணிய குமிழிகள் செய்தார்கள். அவற்றின் சுவரில் உப்பு நுண்ணுயிரின் ஊதாப் புரதத்தையும், மாட்டு இதயத்தின் இழைமணியிலிருந்து எடுத்த நொதியத்தையும் பதித்தார்கள். ஒளி பாய்ச்சினார்கள். ஏ.ரி.பி. உண்டானது. ஒரு பயிர், ஒரு விலங்கு, ஓர் உப்பு நுண்ணுயிர்: மூன்றுக்கும் இடையே மென்சவ்வின் இரு பக்கத்து வேறுபாட்டைத் தவிர வேறு தொடர்பே இல்லை. 1978 இல் மிற்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நொதியம் சுழன்று வேலை செய்கிறது என்ற விளக்கத்துக்காக 1997 இல் போல் போயரும் ஜோன் வோக்கரும் நோபல் பெற்றார்கள். பரிசின் மறுபாதி ஜென்ஸ் ஸ்கூவுக்கு. அவர் கண்டது நம் கலங்களில் உள்ள சோடியம் பம்பி. ஓர் ஏ.ரி.பி.யைச் செலவழித்து மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். நாம் படுத்துக் கிடக்கும்போதும் உடலின் சக்தியில் கணிசமான பங்கை இது வாங்கிக்கொள்கிறது. உப்புப் பாத்தியில் அந்த நுண்ணுயிர் படும் பாட்டை நம் கலமும் படுகிறது.

இந்தப் பாட்டுக்குப் பலன் உண்டு. கலத்துக்குள் சோடியம் குறைவாக இருப்பதால், வெளியே உள்ள சோடியம் உள்ளே வரத் துடிக்கும். சிறுகுடற் சுவரில் ஒரு புரதம் இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே விடும். பின்னால் நீர் வரும். றொபேட் கிறேன் இந்தக் கூட்டுக் கடத்தலை 1960 இல் முன்வைத்தார். வாந்திபேதி நஞ்சு குடலைக் குலைத்தாலும் இந்த வாசலை மூடுவதில்லை. 1971 இல் வங்கதேசப் போரில் இந்தியாவுக்குள் ஓடிவந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவி, சேலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலிப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். அங்கே ஏறத்தாழ 30 வீதமாக இருந்த இறப்பு, இந்த நீரைக் குடித்தவர்களில் 3.6 வீதமாக இருந்தது.

2009 இல் போரால் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் முகாம்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் தாய்க்கு என்ன அச்சம் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் வாங்கும் ஜீவனிப் பைக்கற்றில் இருப்பது மகாலனாபிஸ் கரைத்த அதே சேர்க்கையின் இன்றைய வடிவம்: சோடியம், குளுக்கோசு, கூடவே இழந்த பொற்றாசியம். சீனி மட்டும் கரைத்துக் கொடுத்தால் போதாது, உப்பு மட்டும் கொடுத்தாலும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வாசல் ஒழுங்காக வேலை செய்யும். பைக்கற்றில் சொன்ன அளவு நீரைக் குறைத்து, 'கொஞ்சம் கட்டியாக இருந்தால் நல்லது' என்று கரைப்பதும் கூடாது. செறிவு கூடினால், கருவாட்டில் நடப்பது குடலில் நடக்கும்: நீர் குழந்தையின் உடலிலிருந்து குடலுக்குள் இழுபட்டு, வயிற்றோட்டம் இன்னும் கூடும். கொதித்தாறிய நீரில் அளவோடு கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகப் பருக்கி, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவேண்டும்.