கடவுச்சொல் சரி, கதவு திறக்கவில்லை!

“பதறாத காரியம் சிதறாது” என்பது பழமொழி. கணிப்பொறியைக் கனவிலும் காணாத காலத்தில் பிறந்த மொழி அது. ஆயினும் கணிப்பொறி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி ஒட்டத்தக்க மொழி என்பதை, சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு முழுதும் விழித்திருந்து கற்றுக்கொண்டேன். அந்த இரவின் கதையையும் அதில் கற்ற பாடத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். என் அக்கா அங்கே ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்து வருகிறார். முன்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். “இனி நோட்டு எதற்கு அக்கா?” என்று சொல்லி, என் பழைய மடிக்கணினியில் எழுதப் பழக்கியவன் நான்தான். நான்கு மாதச் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் அதில் மட்டுமே இருந்தன.

அதில் இருந்த இயக்க முறைமை ஸுபுண்டு 22.04. உபுண்டு குடும்பத்தில், பழைய இயந்திரங்களுக்கு ஏற்ற இலகுவான உறுப்பினர் அது. ஸுபுண்டுவின் அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்தது. எனவே 24.04 பதிப்புக்கு மாற்றத் தொடங்கினேன். பாதி வேலையில் மின்சாரம் நின்றது. மடிக்கணினியின் பேட்டரியோ கிழடு. பத்து நிமிடம்கூடத் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டது.

மின்சாரம் வந்தபின் இயக்கினேன். நுழைவுத் திரை வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன். திரை ஒரு கணம் கறுத்தது; மீண்டும் அதே நுழைவுத் திரை! பத்து முறை முயன்றேன். பத்து முறையும் வாசலிலேயே நின்றேன். அக்கா எட்டிப் பார்த்து, “தம்பி, நாளைக்குக் குழுக் கூட்டம். கணக்கு இருக்குதா?” என்றார். தொலைபேசியில் கேட்ட நண்பர்கள் அனைவரும், “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு” என்றனர். அழித்தால் கணக்கும் போகுமே!

நண்பர்களே, இங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கடவுச்சொல் தவறாக இருந்தால் கணிப்பொறி “தவறு” என்று சொல்லும். வேண்டுமென்றே தவறாகத் தட்டிப் பார்த்தேன், சொன்னது. சரியாகத் தட்டினால் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே விட்டு, உடனே வெளியே தள்ளியது. அப்படியானால் பூட்டு பழுதில்லை. உள்ளே உள்ள கூடத்தில்தான் கோளாறு. காவலாளி நம்மை அடையாளம் கண்டு வழிவிடுகிறார். கூடத்தில் கால்வைக்க இடமில்லாமல் நாம் திரும்பி வருகிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், படங்களற்ற வெறும் எழுத்துத் திரை வரும். அது வீட்டின் கொல்லைப்புற வாசல். அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். (தட்டும்போது கடவுச்சொல்லுக்குப் புள்ளிகூடத் தெரியாது, அஞ்ச வேண்டாம்.) கதவு திறந்தது! அக்காவின் கணக்குக் கோப்பு அப்படியே இருந்தது. முதல் வேலையாக அதை ஒரு பென் டிரைவில் நகலெடுத்தேன். பழுதுபார்ப்பது பிறகு, பொருளைக் காப்பது முதலில்.

அடுத்து ‘டிஎஃப்’ என்னும் கட்டளையால் வட்டின் நிலையைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. புதிய பதிப்புக்காக இறக்கிய பொதிகள் இடத்தை அடைத்துவிட்டன. படத்திரை தொடங்கும்போது, நம் வீட்டு அடைவில் ‘எக்ஸ் அத்தாரிட்டி’ என்னும் சிறு அனுமதிச் சீட்டை எழுத வேண்டும். அதை எழுத இடமில்லாததால்தான் வாசலுக்குத் துரத்தியது. எழுத்துத் திரைக்கு அந்தச் சீட்டு வேண்டியதில்லை. மேலும், லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் ‘எக்ஸ்ட்4’ கோப்பு முறை, வட்டில் 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கிறது. வீடு நிரம்பினாலும் வீட்டுக்காரர் நிற்க ஒரு திண்ணை!

பிறகு செய்தவை இவை:

1. நான் சேர்த்துவைத்திருந்த நான்கு திரைப்படங்களை அழித்தேன். இடம் கிடைத்தது.

2. ‘சூடோ’ என்னும் நிர்வாகி அதிகாரத்துடன், ‘டிபிகேஜி’ கட்டளையை ‘கான்ஃபிகர்’ என்னும் விருப்பத்தோடு ஏவினேன். பாதியில் நின்ற பொதிகளை எல்லாம் முடித்து வைக்கச் சொல்லும் கட்டளை இது.

3. கைப்பேசி வழியே இணையம் கொடுத்து, ‘ஏபிடி’ கட்டளையால் உடைந்த பொதிகளைச் சரிசெய்தேன்.

4. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினேன்.

விடியற்காலை நான்கு மணிக்குப் படத்திரை மலர்ந்தது.

இதே நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. அந்த அனுமதிச் சீட்டின் உரிமையாளர் பெயர் நிர்வாகிக்கு மாறிவிட்டால், அதை ‘சௌன்’ கட்டளையால் நம் பெயருக்கே மாற்ற வேண்டும். கடவுச்சொல்லே மறந்துபோனால், கணிப்பொறி தொடங்கும்போது வரும் ‘கிரப்’ பட்டியலில் மீட்பு நிலையைத் தேர்ந்து, புதுக் கடவுச்சொல் இடலாம். பழைய சொல்லைத் தேடி எடுக்க முடியாது. கணிப்பொறி அதைச் சேமிப்பதே இல்லை. அதைச் சிதைத்துப் பெற்ற ஒரு முத்திரையை மட்டுமே வைத்திருக்கிறது. யூனிக்ஸில் இம்முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை இராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் விளக்கி எழுதினார்கள்.

இத்தகைய இடர் நம்மைப் போன்ற எளியவர்க்கு மட்டும் வருவதன்று. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில்கூடப் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. அங்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: கணிப்பொறியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பிழையான அந்த ஒரு கோப்பை நீக்குவது. அதற்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை.

நம் மண்ணிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. தொலைபேசி வசதி போதாத ஊர்களை வானொலி அலைகளால் இணைத்தார்கள். மின்வெட்டுக்கு அஞ்சிச் சூரிய ஒளி மின்சாரத்தையும் சேர்த்தே வைத்தார்கள். மின்சாரம் நிற்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதன்பின் கணிப்பொறியை இயக்கினார்கள். நானோ கணிப்பொறியை இயக்கிவிட்டு, அதன்பின் மின்சாரத்தை நினைத்தேன்! வெள்ளம் வந்தபின் பாகூர் ஏரிக்குக் கரை கட்ட முடியுமா?

ஆகவே மாணவ நண்பர்களே, இயக்க முறைமையை மாற்றுமுன் மூன்றைக் கேளுங்கள்: கோப்புகளுக்கு வெளியே நகல் உண்டா? வட்டில் போதிய இடம் உண்டா? வேலை முடியும்வரை மின்சாரம் நிற்குமா, நிலைக்குமா? இடர் வந்துவிட்டால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: பழுது பூட்டிலா, கூடத்திலா? அதற்கு விடை காணும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

மறுநாள் கூட்டத்தில் அக்கா கணக்கை ஒரு பைசா பிசகாமல் படித்தார். திரும்பி வரும் வழியில் கடையில் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கினார். இம்முறை நான் “எதற்கு?” என்று கேட்கவில்லை. நான்கு மாதக் கணக்கையும் அவர் படிக்க, நானே அதில் எழுதிக் கொடுத்தேன்.