வானொலி மறுத்தது, ஒலிநாடா சுமந்தது

ஒரு நாட்டில் யாருடைய குரல் மக்கள் காதுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? எகிப்தில் பல பத்தாண்டுகளாக அந்த அதிகாரம் அரசு வானொலியிடமே இருந்தது. அது ஒதுக்கிய பார்வையற்ற ஹாபிழ் ஒருவரின் பாடல்கள், வீடுகளில் பதிவான ஒலிநாடாக்கள் வழியாக அரபுலகெங்கும் பரவின. அவர்தான் ஷெய்க் இமாம் ஈஸா. இசைக்கருவிகள் குறித்த ஃபிக்ஹு விவாதம் தனி. இங்கே நாம் பார்ப்பது வரலாறு.

ஒரே வானொலி

1920களில் கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் சிறு தனியார் வானொலிகள் இயங்கின. 1934 மே மாதம் அவை நிறுத்தப்பட்டு, மே 31 அன்று அதிகாரபூர்வ வானொலி மட்டும் ஒலிக்கத் தொடங்கியது. காரி முஹம்மது ரிஃப்அத் அவர்களின் கிராஅத்துடன் அது ஆரம்பமானது.

வெளியேற்றப்பட்ட ஹாபிழ்

ஷெய்க் இமாம் 1918இல் கீஸா பகுதியின் அபுன் நும்ருஸ் கிராமத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போய்விட்டது. குர்ஆனை மனனம் செய்தபின் கெய்ரோவில் ஒரு மார்க்க அமைப்பில் சேர்ந்தார். அவர்கள் வானொலியை வெறுத்தவர்கள். வானொலியில் ரிஃப்அத்தின் கிராஅத்தைக் கேட்டதற்காகவே அவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார் என்று சொல்லப்படுகிறது.

பிறகு ஊத் வாசிக்கக் கற்றார். 1962இல் கவிஞர் அஹ்மது ஃபுஆது நஜ்மைச் சந்தித்தார். நஜ்ம் எழுதினார், இமாம் மெட்டமைத்துப் பாடினார். 1967 போரில் எகிப்து தோற்றதும், அந்தத் தோல்விக்குப் பொறுப்பானவர்களை அவர்களின் பாடல்கள் கேள்வி கேட்டன. வானொலி கதவை அடைத்தது. 1969இல் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

கைக்குக் கை

ஆனால் பாடல்கள் நிற்கவில்லை. வீட்டுக் கூடங்களிலும் மாணவர் கூட்டங்களிலும் அவர் பாடும்போது யாராவது ஒருவர் டேப் ரிக்கார்டரை வைத்துவிடுவார். கைதட்டலும் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகும். அதிலிருந்து ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும்; ஆனாலும் கேட்பவர்கள் குறையவில்லை.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்தான் இதைச் சாத்தியமாக்கியது. 1970களில் வளைகுடாவுக்கு உழைக்கப் போன எகிப்தியர்கள் டேப் ரிக்கார்டருடன் ஊர் திரும்பினார்கள். நம் சபுராளிகள் கொண்டுவந்த பெட்டியை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது புரியும்.

1974 ஜூனில் அமெரிக்க அதிபர் நிக்சன் கெய்ரோ வந்தபோது, அரசு ஊடகங்கள் அதைக் கொண்டாடின. இமாமும் நஜ்மும் அந்த வரவேற்பையே கேலி செய்து பாடினார்கள். ஒரே நிகழ்வு, மக்களிடம் இரண்டு பதிவுகள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடதுசாரிகள் கொண்டாடிய இந்தப் பாடகர் சென்ற அதே வழியில்தான் ஷெய்க் அப்துல் ஹமீத் கிஷ்க் அவர்களின் ஜுமுஆ பயான்களும் சென்றன. அவரும் பார்வையற்றவர், ஹாபிழ், சிறை கண்டவர். கொள்கையில் இருவரும் எதிரெதிர் துருவங்கள். கேசட் இருவரையும் சுமந்தது.

நமக்கு

ஷெய்க் இமாம் 1995 ஜூன் 7 அன்று மறைந்தார். 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் இளைஞர்கள் அவர் பாடல்களைப் பாடினார்கள். அவர் இறந்தபோது அவர்களில் பலர் குழந்தைகள்.

ஒரு மணி நேர ஒலிநாடாவைச் சாதாரணமாகப் பிரதியெடுக்க ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பிடிபட்டால் விசாரணை. ஆகவே, இது அந்தச் சிரமத்துக்குத் தகுதியானதுதானா என்று ஒவ்வொருவரும் யோசித்தே அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். இன்று நம் கையிலிருக்கும் போன் ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறது. தடுக்க வானொலி நிலையம் இல்லை. யோசிக்க வைக்கும் அந்த ஒரு மணி நேரமும் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை அடுத்தவருக்குத் தள்ளும் முன், முழுவதும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள்.