சீனத்து அரண்மனைகளும் சோலைகளும்

சீன நாட்டின் தலைநகர் பெய்ஜிங். முன்னாளில் இதனைப் பீகிங் என வழங்கினர். இந்நகரின் நடுவே மதில் சூழ்ந்த பேரரண்மனை ஒன்று உள்ளது. பேரரசரின் இசைவின்றி எவரும் அதனுள் நுழைதல் கூடாது என்னும் விதி இருந்தமையால், அது 'விலக்கப்பட்ட நகரம்' எனப் பெயர் பெற்றது. இன்றோ, பல நாட்டு மக்களும் வழிகாட்டியின் பின்னே அணியணியாகச் சென்று அதனைக் கண்டு மகிழ்கின்றனர்.

மிங் மரபில் வந்த யொங்லே என்னும் பேரரசர் காலத்தில், 1406ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டடப் பணி 1420ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அதன்பின் மிங், சிங் என்னும் இரு மரபுகளையும் சேர்ந்த 24 பேரரசர்கள் இங்கு வாழ்ந்தனர். இதன் பரப்பு ஏறத்தாழ 180 ஏக்கர். மதிலின் உயரம் 10 மீட்டர். புறத்தே சூழ்ந்த அகழியின் அகலம் 52 மீட்டர்.

காண வருவோர் தெற்கேயுள்ள நண்பகல் வாயிலில் நுழைந்து வடக்கு வாயில் வழியே வெளியேறுவர். நண்பகல் வாயிலின் நடுவழி பேரரசர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. பேரரசி தன் திருமண நாளில் ஒருமுறை அவ்வழியே உள்ளே வரலாம். அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற அறிஞர்கள் ஒருமுறை அவ்வழியே வெளியே செல்லலாம். உயர்ந்த அமைச்சர்க்கும் கிட்டாத சிறப்பு கல்விக்குக் கிட்டியது.

உள்ளே மூன்று அடுக்கு வெண்பளிங்கு மேடைமீது மூன்று மண்டபங்கள் உள்ளன. அவற்றுள் பெரியதில் அரியணை அமைந்துள்ளது. இம்மண்டபங்கள் மரத்தால் ஆனவை. ஆதலின் தீ இவற்றிற்குப் பெரும்பகையாயிற்று. கட்டி முடித்த மறு ஆண்டே, இடி விழுந்து மூன்றும் எரிந்தன. தீயை அணைப்பதற்கென முற்றங்களில் பெரிய உலோகத் தொட்டிகளை வைத்து நீர் நிரப்பினர். கடுங்குளிரில் நீர் உறைந்துவிடாதபடி தொட்டிகளின் அடியில் நெருப்பு மூட்டிக் காத்தனர்.

மூன்றாம் மண்டபத்தின் பின்புறம், டிராகன் உருவங்கள் செதுக்கிய ஒரே பளிங்குப் பாறை படிகளின் நடுவே கிடக்கின்றது. அதன் நீளம் 16 மீட்டருக்கு மேற்படும். எடை 200 டன்னுக்கும் மிகுதி. இத்தகைய பாறைகளை நெடுந்தொலைவிலிருந்து கொணர்ந்தது எங்ஙனம்? குளிர்காலத்தில் வழிநெடுகக் கிணறு தோண்டி, நீரை இறைத்துப் பாதையில் ஊற்றினர். அந்நீர் உறைந்து பனிக்கட்டியாயிற்று. அதன்மேல் பாறையைச் சறுக்கி இழுத்து வந்தனர். அவர்களின் பெயர்களை எவரும் அறியார். அவர்தம் உழைப்போ இன்றும் நிற்கின்றது.

நகரின் வடமேற்கே வேனில் அரண்மனை உள்ளது. சியான்லொங் பேரரசர் தம் அன்னையின் அறுபதாம் பிறந்த நாளை முன்னிட்டு, 1750ஆம் ஆண்டில் இதனை அமைக்கத் தொடங்கினார். ஏரியை அகழ்ந்தெடுத்த மண்ணால் அருகிலிருந்த குன்றை உயர்த்தினர். ஏரிக்கரையில் 728 மீட்டர் நீளமுள்ள நடைமண்டபம் செல்கின்றது. அதன் உத்தரங்களில் பல்லாயிரம் வண்ண ஓவியங்கள் காட்சியளிக்கின்றன. ஒரு கரையில் பளிங்குக் கப்பல் ஒன்று உண்டு. அதன் அடித்தளம் கல். மேற்பகுதி பளிங்குபோல் வண்ணம் தீட்டிய மரம். பேரரசி சிசி, கடற்படைக்கு ஒதுக்கிய பொருளை இவ்வரண்மனையைப் புதுப்பிக்கச் செலவிட்டாள் என்பர். 1894ஆம் ஆண்டில் மூண்ட போரில் சீனக் கடற்படை ஜப்பானியரிடம் தோற்றது. மிதவாத கல்கப்பலோ கரையிலேயே நின்றது.

இதற்கு அண்மையில் யுவான்மிங்யுவான் என்னும் பழைய சோலை அரண்மனை இருந்தது. 1860ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் அதனைக் கொள்ளையிட்டன. பேச்சு நடத்தச் சென்றோரைச் சீனர் சிறைப்படுத்தியதும், அவருள் பலர் இறந்ததும் காரணமாக, எல்கின் பிரபு அதனைத் தீக்கிரையாக்க ஆணையிட்டார். இவரே 1862ஆம் ஆண்டில் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக வந்தவர். ஓவியம், நூல், கலைப்பொருள் எனப் பல தலைமுறை தேடிய செல்வம் சில நாளில் அழிந்தது. இன்று அங்கே உடைந்த கற்றூண்களே எஞ்சியுள்ளன. வழிகாட்டியர் அவற்றைக் காட்டுகையில், சிரித்துப் பேசி வந்தோரும் அமைதியுறுவர்.

தெற்கே சூச்சோ நகரின் சோலைகள் வேறு வகையின. பதவி துறந்த அதிகாரிகளும் வணிகரும் தம் இல்லத்தை ஒட்டி அமைத்தவை இவை. சிறிய இடத்திலேயே குளம், பாறை, மரம், மண்டபம் ஆகியவற்றால் மலையும் நீரும் சூழ்ந்த தோற்றத்தைப் படைத்தனர். வளைந்து செல்லும் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் புதுக்காட்சி தோன்றும். ஒரு சோலையில், தொலைவிலுள்ள கோவிற் கோபுரமும் குளத்தின் பின்னணியாக அமைகின்றது. இதனைக் 'கடன் வாங்கிய காட்சி' என்பர்.

1912ஆம் ஆண்டில் ஆறு வயதுச் சிறுவராகிய புயி முடிதுறந்தார். 1924ஆம் ஆண்டில் அவர் அரண்மனையைவிட்டு நீங்கினார். மறு ஆண்டே அது அருங்காட்சியகமாகி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒருவருக்காக விலக்கி வைத்த வாயில் இன்று எல்லாருக்கும் வழியாயிற்று. கலைச்செல்வத்தை ஆக்குதற்குப் பல்லாண்டு வேண்டும். அழித்தற்கோ ஒரு நாள் போதும். ஆதலின், எந்நாட்டுக் கலைச்செல்வமாயினும் அதனைப் பேணிக் காத்தல் மக்கள் அனைவர்க்கும் கடனாகும்.