மாரிக்குப்பம் ரயிலில் சங்கம் ஏறுமா?

1952 தேர்தலில் கம்யூனிஸ்ட் கே.எஸ்.வாசனைச் சட்டசபைக்கு அனுப்பிய ஊர் கோலார் தங்கவயல். அங்கே 2008இலும் 2013இலும் ஜெயித்தது பா.ஜ.க. மறுவரையறையில் பேத்தமங்கலம் கிராமங்கள் தொகுதியோடு சேர்ந்ததுதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதி உண்மை. மீதி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கத்தில் கிடக்கிறது.

வடஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த தலித் தமிழர்களுக்குப் போராட்டம் கூலிக்காக மட்டும் இல்லை, மானத்துக்காகவும்தான். 1930இல் கைரேகை வைக்கச் சொன்னபோது, பதிவான சங்கம் ஒன்றுகூட இல்லாமலே வேலையை நிறுத்தினார்கள். கைரேகை வைக்க நாங்கள் என்ன குற்றவாளிகளா என்பதுதான் கோபம். 1946 நவம்பர் 4 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் பலியானார்கள். செங்கொடியும் அம்பேத்கர் இயக்கமும் ஒரே தொழிலாளர் குடியிருப்பு லைன்களில்தான் வளர்ந்தன, சண்டை போட்டுக்கொண்டும்தான். 1952இல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த தங்கவயலின் இன்னோர் இடத்தை வென்றது அம்பேத்கரின் கட்சி.

இன்று தங்கவயல்காரர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று ஒரே பெட்டியில் எத்தனையோ கான்ட்ராக்டர்களின் ஆட்கள். சங்கங்களோ பாக்கித் தொகை, லைன் வீட்டு உரிமை என்று மூடிய கேட்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டன. நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் இருபத்தைந்து வயதுப் பையனின் பி.எஃப். பணத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அந்தக் காலி இடத்தில், பிள்ளையார் சதுர்த்தி வசூலுக்கு வருகிறவரே அவனுக்கு அண்ணன்.

பிரான்சின் வடக்கு நிலக்கரி வட்டாரத்திலும் இதே கதை. 1990இல் கடைசிச் சுரங்கம் மூடியது. சோஷலிஸ்டுகளின் கோட்டையான ஏனான்-போமோன் நகராட்சி 2014இல் தீவிர வலதுசாரி லெ பென் கட்சியிடம் போனது.

மதச்சார்பின்மை மாநாடுகளால் இந்த வலதுசாரிச் சாய்வைத் திருப்ப முடியாது. ஆலை வாரியாக உறுப்பினர் சேர்க்கும் பழக்கத்தை விட்டு, ஊர் வாரியாக, ரயில் வாரியாகச் சேர்க்க வேண்டும். கான்ட்ராக்ட் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்ல ராபர்ட்சன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போதும். அந்த மேசையில் செங்கொடிக்காரரும் நீலக்கொடிக்காரரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

2018இலும் 2023இலும் காங்கிரசின் ரூபகலா ஜெயித்துவிட்டாரே என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒன்று: 2019 மக்களவைத் தேர்தலில் ஏழு முறை எம்.பி.யான அவருடைய அப்பா கே.எச்.முனியப்பாவைத் தோற்கடித்து, கோலார் தேர்ந்தெடுத்தது பா.ஜ.க.வைத்தான்.