தொட்டியில் வளரும் மூலிகை: மருத்துவரிடமும் சொல்லுங்கள்

“இப்போது வேறு மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் கேட்கும்போது, பெரும்பாலும் கிடைக்கும் விடை “இல்லை டாக்டர்” என்பதே. சற்று நேரம் கழித்து உடன் வந்த மகளோ மருமகளோ, “காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் குடிக்கிறார். வீட்டுத் தொட்டியில் வளர்வதுதானே, அது மருந்தா என்ன?” என்று தயக்கத்தோடு கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரை.

திருத்தணியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் துளசி மாடமும் கற்பூரவல்லித் தொட்டியும் உள்ள வீடுகள் பல. எல்லையோர ஊர் ஆதலால், தமிழ் பேசும் வீட்டின் கீழாநெல்லி தெலுங்கு பேசும் வீட்டில் நேல உசிரி ஆகிறது. நிலவேம்பு நேலவேமு ஆகிறது. பெயர் வேறானாலும் பழக்கம் ஒன்றே. இப்பழக்கத்தை நாங்கள் குறை கூறவில்லை. ரசத்தில் இடும் கறிவேப்பிலையும், சளிக்கு அருந்தும் துளசி நீரும், தூதுவளைத் துவையலும் உணவின் அளவில் இருக்கும்வரை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. ஒரு நோயைத் தீர்க்கவென்று நாள்தோறும் அருந்தத் தொடங்கும்போது அதே இலை மருந்தாகிவிடுகிறது.

கீழாநெல்லி கற்பிக்கும் பாடம்

இலைகளின் அடிப்புறத்தில் நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இதற்குக் கீழ்க்காய்நெல்லி என்று பெயர். அதுவே கீழாநெல்லி என மருவியது. மஞ்சள் காமாலைக்கு நம் முன்னோர் பயன்படுத்திய இச்செடியை நவீன மருத்துவமும் புறக்கணிக்கவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் நடந்த ஆய்வு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றிருந்தார். அவ்வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லி கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேருக்குப் பின்னர் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வைரஸின் அடையாளம் காணப்படவில்லை. மருந்தற்ற மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது.

பெரும் நம்பிக்கை அளித்த முடிவு அது. எனினும், பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. ஆகவே, ஹெபடைடிஸ் பி-க்கு உரிய மாத்திரைகளுக்கு மாற்றாக இன்று கீழாநெல்லியை ஏற்க இயலாது.

“எங்கள் தெருவில் பலருக்குக் குணமாயிற்றே?” என்று நீங்கள் கேட்கலாம். காமாலை என்பது தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. அசுத்தமான நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அவ்வாரங்களில் எதை அருந்தியிருந்தாலும் புகழ் அதற்கே சேரும். ஆனால் பித்தநாளத்தை அடைத்த கல்லோ, எலிக்காய்ச்சலோ, கர்ப்பிணிக்கு வந்த ஹெபடைடிஸ் ஈ-யோ காத்திருக்காது. அங்கே மூலிகையைவிட, அதை நம்பி இழந்த நாட்களே உயிருக்கு ஆபத்தாகின்றன. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழப்பம், மிகுந்த தூக்கக் கலக்கம், இரத்தக்கசிவு, நடுக்கத்துடன் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே வாருங்கள்.

இவர்கள் கூடுதல் கவனம் கொள்க

• சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள்: சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்தால் சர்க்கரை அளவு மிகவும் தாழலாம். வியர்வையும் படபடப்பும் அதன் அறிகுறிகள்.

• வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுப்பவர்கள்: கீரைகளில் உள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராகச் செயல்படும். கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே அளவில் உண்பதே முறை.

• சிறுநீரக நோயாளிகள்: கீரைச் சாறுகளில் பொட்டாசியம் மிகுதி. கேளாமல் அருந்த வேண்டா.

• கைக்குழந்தைகள்: துளசிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது.

• சீந்தில் அருந்துவோர்: கோவிட் காலத்தில் இதை அருந்திய 6 பேரின் கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். அது சீந்திலை ஒத்த வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். எது உண்மையாயினும், ஐயமுள்ள செடியை வாயில் இடலாகாது என்பது தெளிவு.

வீட்டில் வளர்க்க

செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். கற்பூரவல்லிக்கு ஒரு தண்டை ஒடித்து நட்டாலே போதும். நீர் தேங்கினால் அழுகிவிடும். துளசியின் பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் இலை செழிக்கும். நம் ஊர்க் கோடை வெயிலில் நண்பகலுக்கு மேல் நிழல் தேவை. தொட்டியின் கீழ்த்தட்டில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து வெளிப்பட ஏறக்குறைய ஒரு வாரமே போதும். காய்ச்சலுக்கென நிலவேம்பு வளர்க்கும் தொட்டியே காய்ச்சலைத் தரலாகாது. சாலையோரத்திலும் மருந்து தெளித்த வயலிலும் இலை பறிக்க வேண்டா.

ஒரு வேண்டுகோள்

நோயாளிகள் மூலிகையை மறைப்பதற்கு எங்கள் அவசரமும் கடிந்துரையும் ஒரு காரணம் என்பதை நாங்கள் உணர்கிறோம். அடுத்த முறை வரும்போது, மாத்திரைச் சீட்டுடன் நீங்கள் அருந்தும் பொடியையோ இலையையோ எடுத்து வாருங்கள். மூலிகையையே மருந்தாகக் கொள்ள விரும்பினால், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உள்ள சித்த மருத்துவப் பிரிவை நாடி, இங்கு எடுக்கும் மாத்திரைகளை அவர்களிடமும் காட்டுங்கள். எதை அருந்துகிறீர்கள் என்று அறிந்தால்தான் எங்களால் சரியான மருந்தைச் சரியான அளவில் தர இயலும்.