இன்னும் ஒரு கரண்டி!

வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணம் ஏரியும் அருகிலிருக்கும் சேத்தியாத்தோப்பு வட்டாரம் நெல் விளையும் பூமி. அங்கே விருந்தாளி "போதும்" என்று சொன்னால், "இன்னும் ஒரு கரண்டி போடலாம்" என்று அர்த்தம். இந்த உபசாரத்தை நாம் குறை கூற வரவில்லை. அந்த ஒரு கரண்டியின் கணக்கைத்தான் சற்றுப் பார்க்க விரும்புகிறோம்.

ஏர் பிடித்தவரின் பேரன் இன்று நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார். உழுவதற்கு டிராக்டர்; அறுப்பதற்கு இயந்திரம்; நெய்வேலிக்கு உத்தியோகத்துக்குப் போக மோட்டார் சைக்கிள். எல்லாம் மாறிவிட்டன. ஆனால் இலையில் விழும் சோறு மட்டும் தாத்தா காலத்து அளவாகவே இருந்தால் என்ன ஆகும்? தொந்திதான் ஆகும்!

தேகம் அடுப்பு என்றால் ஆகாரம் விறகு. அந்த விறகு தரும் சக்தியின் அளவே கலோரி. எரிந்தது போக மிஞ்சுவது கொழுப்பாகச் சேருகிறது. நம் நாட்டு உணவுகளின் சத்துக்களை அளந்து, குன்னூர் ஆராய்ச்சிசாலை 1937-லேயே அட்டவணை வெளியிட்டது. அந்த ஸ்தாபனமே பின்னர் ஹைதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

அந்நிறுவனத்தின் 2020-ஆம் வருஷக் கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடினமாக உழைத்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்தால் 2,110 போதும். வித்தியாசம் 1,360 கலோரி. அதாவது ஏறக்குறைய 390 கிராம் அரிசி! உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ ஸ்திரீக்கு 1,660 கலோரியே போதும்.

"நடந்து கரைத்துவிடுகிறேன்" என்பார்கள் சிலர். நடை மிக நல்லது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மணி நேர நடையில் செலவாவது 200 அல்லது 250 கலோரிதான். திரும்பும் வழியில் இரண்டு வடையும் ஒரு சர்க்கரைக் காப்பியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்!

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஆகையால் ஒரு நாள் பட்டினியால் அது கரையாது. தினம் 500 கலோரி குறைத்தால் முதலில் வாரத்துக்கு அரைக் கிலோ வரை குறையலாம். எடை குறையக் குறைய தேகத்தின் செலவும் குறைவதால், பின்னர் வேகம் தணியும். அதைக் கண்டு மனம் தளரக் கூடாது.

வழி என்ன? அரிசியைக் கண் மதிப்பால் போடாமல், ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து உலையில் போட வேண்டும். எண்ணெயையும் அளப்பது அவசியம்; ஒரு கிராம் அரிசியில் மூன்றரைக் கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது. சோறு குறைந்த இடத்தைக் கீரையும், காய்கறியும், பருப்பும் நிரப்பட்டும், வயிறு ஏமாறாது. வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் குறைப்பு ஆகாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியது வீணாகக் கூடாதென்று சாப்பிட்டுவிடுகிறவர்கள் நீங்களே. அளந்து சமைத்தால் மிச்சமும் இராது. உங்கள் தேகத்துக்குத் தண்டனையும் இராது.

உபசாரம் குறைய வேண்டாம். "இன்னும் ஒரு கரண்டி" என்று தாராளமாகச் சொல்லுங்கள். கரண்டியில் இருப்பது கீரையாக இருக்கட்டும்!