தொண்டைக்குள் ஓர் எழுத்தாணி

பெப்ருவரி 3-ஆம் நாள் புனித பிளேசியார் திருநாள். மீன்முள் சிக்கித் தவித்த சிறுவனை அவர் காத்தார் என்பது மரபு. அன்று இரு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிணைத்துக் கழுத்தருகே பிடித்துத் தொண்டையை ஆசீர்வதிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் அவ்வாறு செய்துகொண்டிருந்தபோது, காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர், மெழுகுவர்த்தி வலப்புறம் பட்டதும் முகஞ்சுளித்தார்.

"முள்ளு குத்தற மாதிரியே இருக்குது சாமி. ரெண்டு வருசமாச்சு."

விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், தலையைத் திருப்பினாலும் அவ்வலி காதுவரை பாயுமாம். அதற்குள் கடைவாய்ப் பற்கள் இரண்டு பிடுங்கப்பட்டுவிட்டன, வலியோ போகவில்லை. "குனிந்து தைக்கிறாய், கழுத்து வலிக்காதா?" என்று வீட்டார் முடித்துவிட்டனர். நானும் அப்படித்தான் எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோல் தொழில் நிறைந்த நம் பகுதியில் கழுத்து வலி இல்லாத வீடு ஏது?

ஆனால் அவருக்கு வந்தது வேறு. காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து, இருபுறமும் மெல்லிய எலும்பு முளை ஒன்று கீழ்நோக்கி நீள்கிறது. நம் முன்னோர் ஓலையில் எழுதிய எழுத்தாணியைப் போன்ற வடிவம். மருத்துவர்கள் வழங்கும் கிரேக்கப் பெயரும் அவ்வடிவத்தையே குறிக்கும். வழக்கமாக இதன் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. சிலருக்கு அது 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும். அல்லது அதன் நுனியிலுள்ள தசைநார் சுண்ணமேறிக் கெட்டிப்படும். அருகே செல்லும் நாத்தொண்டை நரம்பை அது உரசும்போதுதான் இவ்வலி. கழுத்துத் தமனியை உரசினால் வலி கண்வரை ஏறுவதும் உண்டு. 1937-இல் அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் இதனை விளக்கியமையால் 'ஈகிள் நோய்' என்பர். கழுகுக்கும் இதற்கும் தொடர்பில்லை! எலும்பு நீண்டோர் எல்லாருக்கும் வலி வருவதில்லை. மிகச் சிலருக்கே வரும். ஆகவேதான் பலரும் இதை நினைப்பதில்லை.

கண்டறியும் வழி எளிது. காது மூக்கு தொண்டை மருத்துவர் வாய்க்குள் விரலிட்டு, உள்நாக்குச் சதை இருக்கும் பள்ளத்தை அழுத்துவார். கூர்முனை தட்டுப்பட்டு, அதே வலி எழுந்தால் ஐயம் வலுக்கும். அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியால் வலி அடங்கினால் ஐயம் மேலும் உறுதிப்படும். எலும்பின் நீளத்தை சி.டி. ஸ்கேன் காட்டும்.

முதலில் மருந்துகளே. நரம்பு வலிக்கான கார்பமாசபைன் போன்ற மாத்திரைகளைப் பிறர் சொல்கேட்டு வாங்கி விழுங்கலாகாது. சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமை விளையும். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி உதவும். இவற்றால் அடங்காவிடில் நீண்ட பகுதியை அறுத்தெடுப்பர். வாய் வழியே செய்தால் வெளியே தழும்பிராது; கழுத்து வழியே செய்தால் நரம்பும் தமனியும் தெளிவாகத் தெரியும். நம் சகோதரி இரண்டாவதையே ஏற்றார். தாடைக்குக் கீழே சிறு கோடு ஒன்று இருக்கிறது. முன்போல் தையல் வேலைக்குப் போகிறார்.

வேலூருக்கு ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கியது அவ்வூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். இவ்வளவு அருகிலிருந்தும் ஈராண்டு பொறுத்திருந்தாரே என்பதே என் வருத்தம்.

ஒன்று சொல்ல வேண்டும். புகையிலை மெல்லுவோர், பீடி புகைப்போர், விழுங்கும்போது காது வலித்தால் 'எலும்பாக இருக்கும்' என்று வாளாவிருக்க வேண்டாம். தொண்டைப் புற்றுநோயும் இவ்விதமே தொடங்கலாம்; மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே காட்டுங்கள். பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன், தலையைத் திருப்பினால் வலிக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறவாது சொல்லுங்கள்.